திருப்பூரிலிருந்து நேரடி ஏற்றுமதி: சமூக வலைதளங்களில் பையர் உறவை வளர்ப்பது எப்படி?

திருப்பூரில் முப்பது, நாற்பது மெஷின் போட்டு ஜாப் ஒர்க் (பிறர் ஆர்டருக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது) செய்துவரும் ஒருவர் நேரடி ஏற்றுமதிக்குப் போகலாம் என்று முடிவெடுத்ததும் முதலில் செய்வது, கம்பெனி பெயரில் ஒரு ஃபேஸ்புக் பக்கம் திறந்து ‘உலகத் தரம்’ என்று ஒரு வாசகம் போடுவதுதான். அடுத்த சில வாரங்களில், ஐயாயிரம் பையர்களின் (ஆர்டர் தந்து ஆடை வாங்குபவர்களின்) மெயில் ஐடி தருகிறோம் என்று யாராவது போன் செய்வார்கள். இந்த இரண்டாலும் ஆர்டர் வந்ததில்லை. டீ-சர்ட் தைத்துக் கொடுக்க பையருக்கு ஆயிரம் கம்பெனி கிடைக்கும். சொன்ன தேதிக்குச் சரக்கைக் கப்பலேற்றுகிற ஆள் யார் என்று கண்டுபிடிப்பதுதான் அவருக்குத் தலைவலி. அந்த ஆள் நீங்கள்தான் என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டிவர லிங்க்ட்இன், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உதவும். ஆனால் ஆறு மாதத்துக்குள் பலனை எதிர்பார்த்து இதில் இறங்காதீர்கள்.

முதலில் காகிதங்கள்

கணக்குத் திறப்பதற்கு முன்பே ஐஇசி எண் (ஏற்றுமதி, இறக்குமதிக்கான அடையாள எண்), ஜிஎஸ்டி, உத்யம் பதிவு (சிறு, குறு தொழில் பதிவு), ஏஇபிசி எனும் ஆடை ஏற்றுமதி ஊக்குவிப்பு கவுன்சிலின் உறுப்பினர் சான்று ஆகியவை கையில் இருக்கட்டும். ஐஇசிக்கு டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்) தளத்தில் 500 ரூபாய் கட்டணம். எடுத்ததோடு மறந்துவிடக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குள் அதே தளத்தில் விவரங்களை உறுதிசெய்ய வேண்டும். மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் செய்தாக வேண்டும். தவறினால் எண் முடக்கப்படும்.

எல்லாக் காகிதத்திலும் கம்பெனியின் பெயர், முகவரி ஓர் எழுத்துகூட மாறாமல் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். லிங்க்ட்இன்னில் ஒரு பெயர், ஜிஎஸ்டியில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் அப்பா பெயரிலுள்ள பழைய கம்பெனி என்று இருந்தால், பையர் தரும் வெண்டர் (சப்ளையர் பதிவு) படிவத்தை நிரப்பும்போதே சந்தேகம் கிளம்பிவிடும். மெயில் முகவரியும் சொந்த டொமைனில் இருக்கட்டும். ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்தான் செலவு.

கோட்ஸ் (ஆர்கானிக் துணிக்கான சர்வதேசச் சான்று) போன்ற சான்றிதழ் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ‘துணிக்குச் சாயம் போடும் டையிங்காரரிடம் கோட்ஸ் இருக்கிறது, அதனால் நாமும் கோட்ஸ்’ என்று லோகோவைப் போட்டுக்கொள்ளும் பழக்கம் ஊரில் இருக்கிறது. கோட்ஸ் சான்று அதில் பெயர் குறிப்பிட்ட யூனிட்டுகளுக்கு மட்டுமே செல்லும். சான்று பெற்ற கம்பெனிகளின் பட்டியல் இணையத்தில் யாரும் பார்க்கும்படி இருப்பதால் ஜெர்மனியில் உட்கார்ந்திருப்பவர் இரண்டு நிமிடத்தில் சரிபார்த்துவிடுவார். இல்லாததை இல்லை என்று சொல்பவரோடு பையர் தொடர்ந்து பேசுவார். பொய் லோகோ போட்டவருக்குப் பதிலே வராது, ஏன் வரவில்லை என்பதும் தெரியாது.

உங்கள் பக்கம்

லிங்க்ட்இன்னில் கம்பெனிப் பக்கத்தைவிட உங்கள் சொந்தப் பக்கம்தான் வேலை செய்யும். உறவு ஆளோடுதான் ஏற்படும். பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கு 220 எழுத்து இடம் உண்டு. அதில் ‘நிர்வாக இயக்குநர்’ என்று மட்டும் எழுதி இடத்தை வீணாக்குபவர்களே அதிகம். ‘குழந்தைகள் பின்னலாடை உற்பத்தி, 0 முதல் 8 வயது வரை, கலருக்கு 500 பீஸிலிருந்து, திருப்பூர்’ என்பதை எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். பையர் தேடும் எல்லாச் சொல்லும் அதில் வந்துவிடும்.

‘அறிமுகம்’ பகுதியில் 2,600 எழுத்து வரை எழுதலாம். திறந்ததும் கண்ணில் படுவது முதல் மூன்று வரிதான். அதில் என்ன தயாரிக்கிறீர்கள், எந்த ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) வரம்பில், எம்ஓகியூ (ஏற்கும் குறைந்தபட்ச ஆர்டர் அளவு) எவ்வளவு, சாம்பிள் எத்தனை நாளில் என்பதைச் சொல்லிவிடுங்கள். ஓவர்லாக், ஃபிளாட்லாக், சிங்கிள் நீடில் என்று வகைவாரியாக மெஷின் எண்ணிக்கை, மாத உற்பத்தி எல்லாம் அதற்குக் கீழே வரட்டும். மாத உற்பத்தி என்று போடும்போது எல்லா டெய்லரும் வந்து, ஸ்டைலும் மாறாமல் ஓடிய நாளை முப்பதால் பெருக்கிப் போடாதீர்கள். ஆள் வராத நாளும் ஸ்டைல் மாற்றும் நேரமும் கழித்த சராசரியைப் போடுங்கள். பையரின் ஆள் ஃபேக்டரிக்கு வந்தால் முதலில் எண்ணுவது மெஷின்களைத்தான்.

யாரைத் தேடுவது

ஒரு எக்செல் தாளில் நாற்பது பேருடைய பட்டியல் போதும். நான்கு வகை ஆட்கள் அதில் இருக்கட்டும்: பையிங் ஆபீஸ்களில் (பையருக்காக ஆர்டரைக் கவனிக்கும் அலுவலகங்களில்) இருக்கும் மெர்ச்சண்டைசர்களும் கியூசிகளும் (தரம் பார்ப்பவர்களும்); வெளிநாட்டில் சிறிய பிராண்ட் நடத்துபவர்கள்; இறக்குமதியாளர்கள்; கடைசியாக நம் ஊரிலேயே இருக்கும் நிட்டிங், டையிங், பிரிண்டிங், எம்பிராய்டரிக்காரர்கள், சரக்கு அனுப்பித் தரும் ஃபார்வர்டர்கள், மற்ற ஏற்றுமதியாளர்கள்.

புதியவர்கள் இரண்டாம், மூன்றாம் வகையின் மேல்தான் முதலில் பாய்வார்கள். முதல் வகையிலிருந்தும் கடைசி வகையிலிருந்தும் தொடங்குவதே நல்லது. காரணம் எளிது. திருப்பூர், பெங்களூரு, குருகிராம் பையிங் ஆபீஸ்களில் இருக்கும் மெர்ச்சண்டைசர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கம்பெனி மாறுவார்கள். மாறும்போது, சிக்கலில்லாமல் சரக்குக் கொடுத்த யூனிட்டுகளின் நினைவையும் எடுத்துக்கொண்டு போவார்கள். இன்று உங்களுக்குத் தர ஆர்டர் இல்லாத மெர்ச்சண்டைசர் அடுத்த ஆண்டு வேறொரு பையருக்கு வேலை பார்க்கலாம். ஊர்க்காரர்கள் விஷயம் வேறு. ஒரு பையர் உங்களைப் பற்றி விசாரிக்க நினைத்தால் திருப்பூரில் ஒரு போன் போதும். டையிங் பில்லை இழுத்தடிப்பவர் என்ற பேச்சு இருந்தால் லிங்க்ட்இன்னில் எவ்வளவு அழகாக எழுதினாலும் அது நிற்காது.

தேடும்போது கம்பெனி முதலாளிகளையும் இயக்குநர்களையும் குறிவைக்க வேண்டாம். ‘சோர்சிங் மேனேஜர்’, ‘புராடக்ட் டெவலப்பர்’, ‘கார்மென்ட் டெக்னாலஜிஸ்ட்’ ஆகிய பதவிப் பெயர்களோடு ‘நிட்வேர்’ என்ற சொல்லையும் சேர்த்து, நாட்டைத் தேர்ந்தெடுத்துத் தேடுங்கள். கார்மென்ட் டெக்னாலஜிஸ்டைப் பெரும்பாலோர் கண்டுகொள்வதில்லை. அளவு, சுருக்கம், தையல் பற்றி அவர் எழுதும் பதிவுக்கு விவரம் தெரிந்த ஒரு பதில் போட்டால் அது அவருக்கு நினைவில் நிற்கும். புது சப்ளையரைச் சேர்க்கலாமா என்று பேச்சு வரும்போது அவரிடமும் கருத்துக் கேட்பார்கள்.

அழைப்பும் முதல் செய்தியும்

லிங்க்ட்இன்னில் ஒருவருக்கு இணைப்பு அழைப்பு அனுப்பும் முன் அவரைப் பின்தொடர்ந்து இரண்டு வாரம் அவர் எழுதுவதைப் படியுங்கள். ‘அருமை சார்’ வகைக் கருத்து எதற்கும் உதவாது. ஒரு விவரத்தைச் சேர்க்கிற கருத்து ஒன்றோ இரண்டோ போதும். பிறகு குறிப்போடு அழைப்பு அனுப்புங்கள். குறிப்பு 200 எழுத்துக்குள் முடியட்டும்; இலவசக் கணக்கில் குறிப்புச் சேர்த்து அனுப்பும் வாய்ப்பும் குறைவு, அதனால் முக்கியமானவர்களுக்கு மட்டும் அதைச் செலவிடுங்கள். குறிப்பின் சாரம் இப்படி இருக்கலாம்: ‘ரிப் கழுத்து தொய்வதைப் பற்றிய உங்கள் பதிவைப் படித்தேன். திருப்பூரில் குழந்தைகள் ஆடை தைக்கிறோம், அதே சிக்கல் எங்களுக்கும் உண்டு. தொடர்பில் இருக்க விரும்புகிறேன்.’

வாரத்துக்குப் பத்து, பதினைந்து அழைப்புக்கு மேல் வேண்டாம். ஒரே நாளில் நூறு அனுப்பி, பாதிப் பேர் ‘இவரைத் தெரியாது’ என்று அழுத்திவிட்டால் உங்கள் கணக்கின் அழைப்பு வசதிக்கே தடை விழும். நீண்ட நாள் ஏற்கப்படாமல் கிடப்பதைத் திரும்பப் பெறலாம். ஆனால் அதே ஆளுக்கு மூன்று வாரம் வரை மறுபடி அனுப்ப முடியாது.

அவர் ஏற்றுக்கொண்ட அடுத்த நிமிடமே நாற்பது பக்க கேட்லாக் அனுப்புவதுதான் நம்மவர்கள் அதிகம் செய்யும் தவறு. ‘அன்புடையீர், நாங்கள் முன்னணி ஏற்றுமதியாளர், எல்லா வகை ஆடைகளும் தயாரிப்போம், ஆர்டர் தரவும்’ என்ற செய்தி சோர்சிங் ஆட்களுக்குத் தினமும் வந்துகொண்டே இருக்கிறது. ‘எல்லா வகையும்’ என்று படித்ததுமே, இவருக்கு எதிலும் தேர்ச்சி இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். முதல் செய்தியில் நன்றி சொல்லி, அவர் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். இரண்டாம் செய்தி மூன்று வாரம் கழித்துப் போகட்டும். அவருக்குப் பயன்படும் ஒரு விவரம் அதில் இருக்க வேண்டும். நூல் விலை ஏறியது, ஒரு புதிய துணி வந்தது என்று எதுவானாலும் சரி. விலைப்பட்டியல் அவராகக் கேட்டால் மட்டும்.

நேரத்தையும் கவனியுங்கள். நம் ஊரில் மதியம் 2 மணி என்றால் லண்டனில் குளிர்காலத்தில் காலை 8.30, கோடையில் 9.30. ஜெர்மனிக்கு அதிலிருந்து ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். நியூயார்க் ஆட்களுக்கு மாலை 6.30க்கு அனுப்பினால் அங்கே காலை 8 அல்லது 9 ஆகியிருக்கும்.

என்ன பதிவிடுவது

வாரம் ஒன்று போதும், ஆனால் அதில் வேலை தெரிய வேண்டும். பண்டிகை வாழ்த்து, பூ வைத்த தத்துவ வரி, விருது வாங்கும் போட்டோ எல்லாம் பையருக்கு எதையும் சொல்வதில்லை.

ஜிஎஸ்எம் எடுப்பதையே நாற்பது நொடி வீடியோவாக எடுக்கலாம். காம்பாக்டிங் (துணியை முன்கூட்டியே சுருக்கி நிலைப்படுத்துவது) முடிந்து வந்த துணியை மடிப்பைப் பிரித்துச் சில மணி நேரம் மேஜையில் தளர விடுங்கள். வட்டக் கட்டரை ஓரத்தைத் தவிர்த்து நடுப்பகுதியில் வைத்து அழுத்திச் சுற்றினால் 100 சதுர சென்டிமீட்டர் துண்டு வரும். மின்தராசில் அது 1.80 கிராம் காட்டினால், நூறால் பெருக்க 180 ஜிஎஸ்எம். இதையே அகலத்தில் மூன்று இடத்தில் எடுத்துக் காட்டுங்கள். பிறகு அதே துணியைத் துவைத்துக் காயவைத்து மறுபடி வெட்டி நிறுங்கள்; துணி சுருங்கியிருந்தால் எடை 1.80ஐத் தாண்டும். துவைக்கும் முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று இரண்டையும் எழுதிப் போடுபவர் குறைவு. பிளேடு மழுங்கியிருந்தால் ஓரம் பிசிறி எடை தப்பாகக் காட்டும் என்ற ஒரு வரியையும் சேர்த்தால், பார்க்கும் டெக்னாலஜிஸ்டுக்கு உங்கள் லேப் எப்படி என்று தெரிந்துவிடும்.

எம்ஓகியூ ஏன் என்பதையும் கணக்கோடு விளக்கலாம். சிறிய பிராண்டுகள் ‘கலருக்கு நூறு பீஸ் முடியாதா’ என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். டையிங்கில் ஒரு கலருக்குக் குறைந்தது 100 கிலோ லாட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சட்டைக்கு 220 கிராம் துணி என்றால் ஏறக்குறைய 450 பீஸ் வரும். அதற்குக் கீழே போனால் மிச்சத் துணியின் விலையை யார் ஏற்பது என்ற கேள்வி வருகிறது. முடியாது என்று ஒற்றைச் சொல்லில் சொல்வதைவிட இதைக் காட்டினால், அவர்களே கலரைக் குறைத்துக்கொண்டு வருவார்கள்.

துவைத்தபின் பக்கத் தையல் முன்னால் திரும்பிவரும் சிக்கலும் நல்ல விஷயம்தான். டீ-சர்ட்டுக்கான சிங்கிள் ஜெர்சி துணியில் நூலின் முறுக்கும் வட்டப் பின்னல் மெஷினின் ஃபீடர் (நூல் ஊட்டும் முனை) எண்ணிக்கையும் இதற்கு முக்கியக் காரணங்கள். உங்கள் ஃபேக்டரியில் ஒரு துவைப்புக்குப் பின் எத்தனை சென்டிமீட்டர் திரும்பியது, நூலையோ ஃபினிஷிங்கையோ மாற்றியதும் எவ்வளவு குறைந்தது என்று அளவுகோலை வைத்தே படம் எடுங்கள்.

படம் எடுக்கும் முன் பின்னணியைப் பாருங்கள். வேறு பையரின் லேபிள், டேக், ஆர்ட்வொர்க், அட்டைப்பெட்டியில் அச்சிட்ட ஆர்டர் எண் எதுவும் தெரியக் கூடாது. இன்னும் வெளிவராத டிசைன் ஒன்று உங்கள் ரீல்ஸில் தெரிந்துவிட்டால் அந்தப் பையரை மறந்துவிட வேண்டியதுதான். பேண்ட் நைஃப் கட்டிங்கில் இரும்புக் கையுறை போடாத கை, ஊசிப் பாதுகாப்பு கழற்றிய மெஷின், துணி மூட்டை அடைத்த அவசர வழி, தொங்கும் ஒயர் ஆகியவையும் அப்படித்தான். உங்கள் கண்ணுக்கு அது வழக்கமான ஃபேக்டரிக் காட்சி. பாதுகாப்பு, தொழிலாளர் விதிகளைச் சரிபார்க்கும் பையரின் கம்ப்ளையன்ஸ் ஆளுக்கு அதுவே ஆடிட் அறிக்கை. தொழிலாளர்களின் முகத்தை அவர்கள் சம்மதம் இல்லாமல் போடவும் வேண்டாம்.

இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப்

பெரிய பிராண்டுகளின் ஆட்கள் லிங்க்ட்இன்னில் இருப்பார்கள். வீட்டிலிருந்து பிராண்ட் நடத்தும் ஐரோப்பிய, ஆஸ்திரேலியச் சிறு வியாபாரிகளும் பெங்களூரு, மும்பையில் இணையத்தில் மட்டும் விற்கும் பிராண்டுகளும் இன்ஸ்டாகிராமில்தான் உற்பத்தியாளரைத் தேடுகிறார்கள். நீங்கள் பின்தொடராதவர் அனுப்பும் செய்தி நேராக இன்பாக்ஸுக்கு வராமல் ‘கோரிக்கைகள்’ பகுதிக்குப் போய்விடும். அதைத் தினமும் திறந்து பாருங்கள். நல்ல விசாரணைகள் அங்கேயே காய்ந்து கிடப்பதுண்டு.

பேச்சு சூடானதும் அது வாட்ஸ்அப்புக்கு மாறும். இலவசமாகக் கிடைக்கும் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைத் தனி எண்ணில் போடுங்கள். அதில் 500 பொருள் வரை கேட்லாக் வைக்கலாம். ‘சாம்பிள்’, ‘கொட்டேஷன் அனுப்பியது’, ‘பேமென்ட் பாக்கி’ என்று லேபிள் போட்டால் யாருக்கு என்ன பாக்கி என்பது மறக்காது. பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்குத்தான் செய்தி போய்ச் சேரும். ஊர்க் குழுக்களில் குட் மார்னிங் படங்களும் அரசியல் ஃபார்வர்டுகளும் போடாதீர்கள். கட்டிங் டேபிள் காலி, இரண்டு வாரம் லைன் காலி, மிச்சத் துணி இத்தனை கிலோ என்று எழுதுபவரைத்தான் குழு நினைவில் வைத்திருக்கும். ஒப்புக்கொண்ட அளவு, விலை, தேதி எதுவாயினும் வாட்ஸ்அப்பில் பேசியதோடு விடாமல் அன்றே மெயிலிலும் எழுதி உறுதி வாங்குங்கள்.

விசாரணை வந்தபின்

ஒரு விசாரணை நான்கைந்து யூனிட்டுகளுக்கு ஒரே நேரத்தில் போகும். உடனே விலை சொல்ல முடியாவிட்டாலும் ‘கிடைத்தது, வியாழன் மாலைக்குள் விலை தருகிறோம்’ என்று 24 மணி நேரத்துக்குள் எழுதி, வியாழன் மாலைக்குள் கொடுங்கள். நூல் விலையை மில்கள் மாதத் தொடக்கத்தில் மாற்றுவதால், கொட்டேஷனில் ‘10 நாள் வரை செல்லும்’ என்று குறிப்பிட மறக்காதீர்கள். சாம்பிள் அனுப்பும் செலவுக்குப் பையரின் கூரியர் கணக்கு எண்ணைக் கேளுங்கள். உண்மையான பையர் தருவார். அல்லது சாம்பிள் கட்டணத்தை ஏற்று, ஆர்டரில் கழித்துக்கொள்ளச் சொல்வார்.

ஆள் உண்மையானவரா என்பதைக் காசில்லாமல் சரிபார்க்கலாம். பிரிட்டிஷ் கம்பெனி என்றால் அந்நாட்டின் கம்பெனிப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் பெயர் போட்டால் தொடங்கிய தேதி, இயக்குநர்கள், கணக்குத் தாக்கல் பாக்கி எல்லாம் தெரியும். ஐரோப்பிய ஒன்றியம் என்றால் வாட் (மதிப்புக் கூட்டு வரி) எண்ணை விஐஇஎஸ் என்ற சரிபார்ப்புத் தளத்தில் போடுங்கள். பெரிய பிராண்டின் பெயரில் வந்து ‘வெண்டர் பதிவுக் கட்டணம்’ கேட்டால் அது மோசடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். மெயில் முகவரியில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

முதல் ஆர்டருக்கு 30 சதவீதம் முன்பணம், மீதி பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ஆவணம்) நகல் காட்டியதும் என்பது இருதரப்புக்கும் பொருந்தும் ஏற்பாடு. கடன் கேட்டால் ஈசிஜிசியின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு பாலிசி எடுக்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். விமானத்தில் அனுப்பச் சொன்னால் இன்னும் கவனம். பில் ஆஃப் லேடிங்கின் அசல் உங்கள் கையில் இருக்கும்வரை சரக்கு உங்கள் பிடியில் இருக்கும். விமானச் சரக்கு ஆவணமான ஏர்வே பில்லுக்கு அந்த உரிமை கிடையாது, பையர் பெயருக்கு அனுப்பிவிட்டால் பணம் தராமலே எடுத்துக்கொள்ளலாம்.

பழக்கம் நன்றாக ஆனபிறகு வரும் மோசடியும் ஒன்று உண்டு. மெயிலுக்குள் புகுந்தவன் உங்கள் பெயரில் ‘வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று பையருக்கு எழுதி, பணத்தைத் தன் கணக்குக்குத் திருப்பிவிடுவான். ‘வங்கி விவர மாற்றத்தை மெயிலில் தெரிவிக்க மாட்டோம், போனில் உறுதிசெய்யவும்’ என்ற வரி உங்கள் புரோஃபார்மா இன்வாய்ஸிலேயே (சரக்கு அனுப்பும் முன் தரும் முன்னோட்ட பில்லிலேயே) இருக்கட்டும். பணம் போய்விட்டால் அன்றே வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள்.

தொடர்பு அறுந்துவிடாமல்

அந்த எக்செல் தாளில் கடைசியாகப் பேசிய தேதி, அடுத்துப் பேச வேண்டிய தேதி என்று இரண்டு கட்டம் சேர்த்து, திங்கட்கிழமை காலை அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஆகஸ்டில் இத்தாலி, பிரான்ஸ் ஆட்களைத் துரத்த வேண்டாம், பாதிப் பேர் விடுமுறையில் இருப்பார்கள். டிசம்பர் 20க்குப் பிறகும் அப்படியே. யாராவது வேலை மாறினால் வாழ்த்தை மட்டும் அனுப்புங்கள். ஆர்டர் பேச்சை இரண்டு மாதம் கழித்து எடுக்கலாம்.

உறவு முறிவது பெரும்பாலும் தாமதத்தால் அல்ல, தாமதத்தை மறைப்பதால்தான். துணி டையிங்கிலிருந்து நான்கு நாள் தள்ளி வருகிறது என்று தெரிந்த அன்றே, புதிய தேதியோடு எழுதுங்கள். ஷிப்மென்ட்டுக்கு இரண்டு நாள் முன்பு சொன்னால் பையருக்கு வேறு வழி எதுவும் இருக்காது; ஏர் ஃபிரெய்ட் செலவை உங்கள் தலையில் கட்டுவார். தீபாவளிக்கு ஊருக்குப் போன டெய்லர்கள் முழுதாகத் திரும்ப ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பது நமக்குத் தெரியும், ஹாம்பர்க்கில் இருப்பவருக்குத் தெரியாது. லைன் எந்தத் தேதியில் நிற்கும், எப்போது முழு ஆளோடு ஓடும் என்பதை ஆகஸ்ட் கடைசியிலேயே எல்லாப் பையருக்கும் எழுதிவிடுங்கள்; பொங்கல் தேதிகளையும் அதே மெயிலில் சேர்த்துக்கொள்ளலாம்.